அலை அடிக்காத இடம்

பொம்மையன் என்றதும் எனக்கு முதலில் அவன் காதுதான் ஞாபகம் வரும். விளக்கெண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு கிணற்றில் முங்குவான். மேலே வந்த பிறகு அதை எடுக்க மறந்து நாள் முழுக்க அப்படியே திரிவான். டீக்கடையில் நாம் ஒன்று கேட்டால் சும்மா தலையாட்டுவான். "பஞ்சை எடுத்துட்டுப் பேசுடா" என்று நான் கத்தாத நாள் கிடையாது. எண்பதுகளில் திண்டுக்கல்லைச் சுற்றிக் கிணறு வைத்திருந்த சம்சாரிகள் யாரைக் கேட்டாலும் அவனைத் தெரியும் என்பார்கள். அவனிடம் கைக்கடிகாரம் கிடையாது, சைக்கிள் கிடையாது, காய்ந்த துண்டு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு பேர் அவனுக்கு.

எனக்கு அப்போது தாடிக்கொம்பில் மோட்டார் ரிப்பேர் கடை. உள்ளே கம்பிச்சுருள் எரிந்த மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பேன். மேலே இருக்கிற கோளாறு என் பாடு. தண்ணீருக்குள் இருக்கிற கோளாறு பொம்மையன் பாடு. அந்தக் காலத்துப் பம்புசெட்டுக்கு உயிர் புட்வால்வில் இருந்தது. கிணற்றுக்கு அடியில், உறிஞ்சும் குழாயின் நுனியில் மாட்டியிருக்கும் இரும்புக்கூடை அது. ஒரு கிழிந்த சாக்குத் துணி அதில் போய் அப்பிக்கொண்டால் போதும், மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் சொட்டுத் தண்ணீர் ஏறாது. குழாயை மேலே தூக்க எட்டு ஆள் வேண்டும். பொம்மையன் என்றால் ஒற்றை ஆள். அரைஞாண் கயிற்றில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு இருபத்தைந்து அடித் தண்ணீருக்குள் போய்விடுவான். நான் மேலே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். தொண்ணூறு வரை கவலைப்பட மாட்டேன். நூறைத் தாண்டினால் திட்ட ஆரம்பிப்பேன். நூற்றிருபதில் மாதாவைக் கூப்பிடுவேன். அப்போதுதான் எழும்பி, முகத்தை வழித்துவிட்டு, "ஏலே ராயப்பா, பீடி வச்சிருக்கியா?" என்பான்.

முங்குவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் படியில் குந்தி, தண்ணீரையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துத் துப்புவான். தண்ணீர் அசையாமல் கிடந்தால் இறங்குவான். எங்காவது ஒரு மூலையில் சுழிப்பு தெரிந்தால், பக்கத்துக் கிணற்றுக்காரன் மோட்டார் போட்டிருக்கிறானா, பாம்பு கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் காலை வைப்பான். "கலங்குற தண்ணியத்தான்டா நம்பக் கூடாது. சும்மா கெடக்குற தண்ணி ஒன்னும் பண்ணாது" என்பான். இருபது வருஷம் அந்தப் புத்தி அவனைக் காப்பாற்றியது. தவறி விழுந்தவர்களும் வேண்டுமென்றே விழுந்தவர்களுமாகப் பதினோரு பேரை உயிரோடு மேலே கொண்டுவந்திருக்கிறான்.

அப்பனும் ஆத்தாளும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதினாறு வயது, தங்கச்சி செல்லக்கிளிக்கு ஏழு. கஞ்சி காய்ச்சுவதும் அவன்தான், அவளுக்குத் தலை சீவிவிடுவதும் அவன்தான். சடை பின்னத் தெரியாது. கமலைக் கயிறு முறுக்குவதைப் போல முடியை முறுக்கி, நுனியில் ஒரு ரிப்பனைக் கட்டி அனுப்புவான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரிக்கும். அவள் அழுதுகொண்டே வந்து அண்ணனை அடிப்பாள், மறுநாளும் அவனிடமே தலையைக் கொடுப்பாள். நீச்சலில் அவள் அவனுக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் மோட்டார் மேடையிலிருந்து குதித்தால் கிணற்றுத் தண்ணீர் படி வரைக்கும் ஏறி இறங்கும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன கதையை நான் இன்னும் சொல்லிச் சிரிப்பேன். சேவுகம்பட்டியில் மலைச்சாமி வீட்டார் பந்தி விரித்துக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஆளைக் காணவில்லை. தேடிப்போனால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் இடுப்புத் துணியோடு நிற்கிறான். "ஊத்து நல்லாருக்கு. குடுக்கலாம்" என்று ஈரத்தலையோடு வந்து சம்மதம் சொன்னான். மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்று அன்றைக்கு அவன் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன்.

மலைச்சாமி சாதுவான மனுஷன். தக்காளி போட்டு, ஒட்டன்சத்திரத்துக்குக் கூடை ஏற்றிவிட்டு, தான் உண்டு தன் தோட்டம் உண்டு என்றிருப்பவன். தண்ணீர் என்றால் மட்டும் சற்றுக் கூச்சம். கல்யாணத்துக்குப் பிறகு செல்லக்கிளிதான் அவனுக்கு நீச்சல் பழக்கினாள். பெண்டாட்டியிடம் நீச்சல் கற்றவன் என்று பொம்மையன் அவனை விடாமல் கேலி செய்வான். அவனும் கோபப்படாமல் சிரிப்பான். மச்சானும் மாப்பிள்ளையும் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மகள் தமிழ்மதி பிறந்தபோது, சேவுகம்பட்டிக்கு வெறுங்காலில் வெல்லம் தூக்கிக்கொண்டு ஓடினான் தாய்மாமன்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக்கு ஒரு டூர் பஸ் கிளம்பியது. ஐம்பது பேர், மலைச்சாமி குடும்பத்தையும் சேர்த்து. வேதக்காரனான எனக்கு அமாவாசை ஏது? "ஒரு சீட்டு காலியா கெடக்குடா, வந்து குந்து" என்று பொம்மையன் இழுத்துக்கொண்டு போனான். அந்தப் பஸ் பயணத்தை இப்போது நினைத்தாலும் புளிச்சோற்று வாசனை வருகிறது. வாழை இலையில் கட்டிய பொட்டலங்கள், தேங்காய்த் துவையல், காலுக்கடியில் உருளும் பிளாஸ்டிக் குடங்கள். கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் தெளிப்பதற்காக ஆளுக்கொரு குடம் எடுத்து வந்திருந்தார்கள். எங்களில் நாற்பது பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை, பொம்மையன் உட்பட.

குமரியில் காலை வைக்க இடமில்லை. அவ்வளவு கூட்டம். டிரைவர் தனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது என்று மேற்கே சில மைல் ஓட்டி, ஒரு மீனவர் ஊரின் கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வெள்ளை மணல், ஒரு மாதா கோயில், கரையில் ஏற்றிவைத்த கட்டுமரங்கள். கடலில் ஒரு கட்டுமரம்கூட இல்லை. மீன் பிடிக்கிறவனே இறங்காத நாளில் தக்காளிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று இன்றைக்குக் கேட்கத் தெரிகிறது. அன்றைக்கு, ஆகா, கூட்டமே இல்லை என்று சந்தோஷப்பட்டோம்.

அலை ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்துகொண்டிருந்தது. பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு கரையோரமாக உட்கார்ந்து, அலை வந்து அடிக்கும்போதெல்லாம் கூச்சல் போட்டார்கள். மலைச்சாமி மூன்று வயது மகளைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நின்றான். பொம்மையன் மணலில் குந்தி, கிணற்றைப் பார்ப்பதுபோலக் கடலை நிதானமாகப் பார்த்தான். ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துத் துப்பினான். முகத்தைச் சுளித்தான். பிறகு கரையோரமாக நடந்துபோய்த் தனக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடித்தான்.

இந்தப் பக்கமும் அலை உடைகிறது, அந்தப் பக்கமும் உடைகிறது. நடுவில் மட்டும், ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு, அலையே இல்லை. நுரை இல்லை, சத்தம் இல்லை. தண்ணீர் கொஞ்சம் கருத்து, வழுவழுவென்று கிடக்கிறது. எங்கள் ஊரில் யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அந்த இடத்தைத்தான் காட்டியிருப்பார்கள். நானும் காட்டியிருப்பேன்.

"பாத்தியாடா, கடல்லயும் ஒரு கெணத்த வெட்டி வச்சிருக்கான்" என்றபடி பொம்மையன் இறங்கினான். மார்பளவுக்குப் போய் நின்று கையைத் தூக்கிக் கூப்பிட்டான். "மாப்ளே! பொம்பளைகளோட நின்னு என்னத்தக் குளிக்கப் போற? இங்கிட்டு வா! கெணறு கணக்கா கெடக்கு!"

"வேணாம் மச்சான். இங்கனயே போதும்."

"அட, வாப்பா! நான் இருக்கேன்ல."

மலைச்சாமி பெண்டாட்டியைப் பார்த்தான். செல்லக்கிளி சிரித்துக்கொண்டே மகளைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, "போயிட்டுத்தான் வாங்களேன். எங்கண்ணன் இருக்கயில என்ன பயம்?" என்றாள். இதை அவள் சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், பிற்பாடு அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே இருந்தது என்று புரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஐந்து நிமிஷம் இருக்கும். நான் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கோடா தின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு தலைகளும் சிறுத்துவிட்டன. அவர்கள் நீந்தவே இல்லை. ஆனாலும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்கள். பொம்மையனுக்குக் கால் நிலத்தில் பாவாததை அவன் உணர்ந்த நேரம் எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. சட்டென்று திரும்பினான். கரையை நோக்கிக் கையை வீச ஆரம்பித்தான்.

"கரையப் பாத்து நீந்து மாப்ளே! விடாத! கைய ஓங்கிப் போடு! நேரா வா, நேரா!"

மலைச்சாமி அப்படியே செய்தான். சொன்ன சொல் தட்டாதவன். இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து நீந்தினார்கள், இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்து வீச்சில் ஒரு சுவர் கைக்குப் படும். அந்தச் சுவரை நம்பித்தான் எங்கள் ஊர் நீச்சல் முழுவதும். இங்கே சுவர் எங்கே இருக்கிறது? "விடாத மாப்ளே, விடாத!" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மலைச்சாமியின் கை ஒருமுறை உயர்ந்தது. அடுத்தமுறை உயரவில்லை.

பொம்மையன் முங்கினான். எழும்பினான், மறுபடி முங்கினான். நான் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை. மூன்றாவது தடவை எழும்பியபோது அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. மல்லாந்து கிடந்தான். கடல் அவனை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய், அலைகளுக்கு அப்பால் விட்டு, பிறகு பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தியது. நாங்கள் போட்ட கூச்சலில் ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். அந்தோணிமுத்து என்ற மீனவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பர்லாங் தள்ளி அவனைப் பிடித்துப் போட்டார். மலைச்சாமி மறுநாள் விடியற்காலை தானாக வந்து ஒதுங்கினான்.

செல்லக்கிளி கதறவில்லை. மணலில் குந்தியிருந்த அண்ணன் முன்னால் வந்து நின்று, "நீதான கூப்ட்ட?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். பொம்மையன் சின்னாளபட்டிக்குப் போய், அரை நாள் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு சேலை எடுத்து வந்தான். பந்தலில் எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கடைசியில் ஒரு கிழவி அதை வாங்கி அவள் தோளில் போட்டாள். அவள் தோளை அசைத்தாள். சேலை தரையில் விழுந்தது. அடுத்த வருஷம் தமிழ்மதிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காதை, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை உட்காரவைத்துக் குத்தினாள். எங்கள் பக்கத்தில் ஒருவனைச் செருப்பால் அடிப்பதைவிட இது பெரிய அடி. அன்றைக்கு அவன் என் கடையில் பழைய மோட்டார்களுக்கு நடுவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவளச் சொல்லாத ராயப்பா" என்று தடுத்தான். "கூப்பிட்டது மட்டுமில்லடா. நான் கை ஓஞ்சு போயி மல்லாக்கக் கெடந்தேன். நீச்சலே அடிக்கல. அதனாலதான் பொழச்சேன். அவன், நான் சொன்னதக் கேட்டு நீந்துனான்டா. நான் சொல்லாம இருந்திருந்தா அவனும் ஓஞ்சு கெடந்திருப்பான்."

அவன் சொன்னது உண்மை.

முதல் வருஷத் திதியை மலைச்சாமி போன இடத்திலேயே கொடுக்க வேண்டும் என்று பங்காளிகள் சொன்னதால் எண்பத்துமூன்றில் மறுபடியும் அதே கரைக்குப் பஸ் போனது. செல்லக்கிளி வரவில்லை. பொம்மையன் வந்தான். ஒரு மூங்கில் கழியும் சிவப்புத் துணியும் கொண்டுவந்திருந்தான். மாதா கோயிலுக்கு நேர் எதிரே, போன வருஷம் இறங்கிய இடத்தில், கழியை ஊன்றினான். யாரும் கிட்டே வராதபடி காலையிலிருந்து அங்கேயே காவல் நின்றான். அங்கே அன்றைக்கு அலை தாறுமாறாக உடைந்துகொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. அவனுக்கும் உறைக்கவில்லை.

இருநூறு தப்படி தள்ளி, தண்ணீர் சும்மா கிடந்த ஓர் இடத்தில், நிலக்கோட்டையில் பூ விற்கும் மூக்காயி குடத்தோடு இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கூச்சல் கேட்டு நாங்கள் ஓடியபோது அவள் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். நல்லவேளையாகக் குடம் காலி. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தாள். புதுக்குடம், செத்தாலும் விடக் கூடாது என்று பிடித்தாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

"நீந்தாத மூக்காயி! காலக் கைய அடிக்காத! கொடத்தப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா கெட!" என்று பொம்மையன் தொண்டை கிழியக் கத்தினான். அவள் சும்மா கிடந்தாள். கடல் அவளை உள்ளே கொண்டுபோய், பக்கத்தில் நகர்த்தி, அந்தோணிமுத்துவின் கட்டுமரம் போய்ச் சேரும் வரைக்கும் வைத்திருந்தது.

அவளைக் கரையில் சேர்த்துவிட்டு வந்த அந்தோணிமுத்து, மூங்கில் கழியையும் பொம்மையனையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாச்சி, இதென்ன கம்பு?"

"போன வருசம் இந்த எடத்துலதான்..."

"போன வருசம் இங்க. இந்த வருசம் அங்க. நாளைக்கு எங்கயோ. அது என்ன உங்க ஊர்க் கெணறா, வெட்டின எடத்துலயே கெடக்கதுக்கு?"

பொம்மையன் கழியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்தோணிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அலையாக ஏறி வருகிற தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அடியில் மணல் திட்டு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அந்த வழியாகச் சேர்ந்து திரும்புகிறது. ஓடுகிற வழி பள்ளம் என்பதால் அங்கே அலை உடையாது. பார்க்கச் சாதுவாக இருக்கும். மணல் இடம் மாறினால் வழியும் மாறும். மாட்டிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது. அது கொஞ்ச தூரம் போய் ஓய்ந்துவிடும். தெம்பு இருந்தால் கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி வெளியே வரலாம், இல்லாவிட்டால் மிதந்துகொண்டே கையைக் காட்டலாம். எல்லாம் கேட்டுவிட்டு பொம்மையன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இத எப்புடிங்க பாத்துக் கண்டுபிடிக்கிறது?"

"மேட்டுல இருந்து பாக்கணும். வேற சோலி இருக்கக் கூடாது."

அவனுக்கு வேறு என்ன சோலி? அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னாலேயே டவுன் பஸ் மாறி மாறி அங்கே போய்விடுவான். எண்பத்தைந்திலிருந்து நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். அந்தோணிமுத்து வீட்டுக்கு ஒரு சாக்குச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் கொண்டுபோவோம். அவர்கள் வீட்டில் மீன் வறுத்துப் போடுவார்கள். பொம்மையன் மணல்மேட்டில் குந்தி, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கடலைப் பார்ப்பான். தென்னமட்டைத் துண்டுகளை வீசிவிட்டு, எது கரைக்கு வருகிறது, எது உள்ளே போகிறது என்று பார்ப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்பேன், வம்பளப்பேன், தூங்குவேன். ஒருவன் சாவில் தொடங்கிய பயணத்தைச் சந்தோஷம் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த மணல்மேட்டில் அவனோடு கழித்த நாட்களைவிட நல்ல நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. மனசுக்குள் ஏங்குகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் வந்து நின்றதும் அவன் வேலை ஆரம்பமாகும். எங்கே அலை உடைந்து நுரை கட்டி வருகிறதோ அந்த இடத்தைக் காட்டி, "இங்கன எறங்கு. முழங்காலுக்கு மேல போகாத" என்பான். ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள்.

"என்னப்பா, கொந்தளிக்கிற எடத்தக் காட்டுற? அந்தா அங்க அமைதியா கெடக்கே!"

"இது அடிச்சாலும் ஒன்னயக் கரைக்குத்தான் தள்ளும். அந்தா கெடக்கு பாரு, அதுதான் ஆளத் தூக்கிட்டுப் போகும்."

முனகிக்கொண்டே இறங்குவார்கள். உருண்டு புரண்டு வாயெல்லாம் மணலோடு எழுந்து அவனைத் திட்டுவார்கள். போகப் போக வத்தலக்குண்டு பஸ், பழனி பஸ் என்று மற்றவர்களும் அங்கே வந்து, பொம்மையன் இருக்கிறானா என்று கேட்டுவிட்டு இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அவன் என்னைச் சேவுகம்பட்டிக்கு அனுப்புவான். "இந்த வருசமும் யாருக்கும் ஒன்னும் ஆகலன்னு சொல்லிட்டு வா." நான் போய்ச் சொல்வேன். செல்லக்கிளி தக்காளிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டே கேட்பாள். "சரிண்ணே, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்பாள். அவனுக்கு மறுசேதி கிடையாது. மோரை மட்டும் குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்தால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். பிறகு பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

எண்பத்தெட்டாம் வருஷம். விடிந்தும் விடியாத நேரத்தில் பஸ் வந்து நின்றது. நான் எப்போதும்போலக் குடங்களை இறக்கப் போனேன். முன்படியில் செல்லக்கிளி இறங்கினாள். கூடவே ஒன்பது வயது தமிழ்மதி.

"என்ன தாயி, சொல்லாமக் கொள்ளாம?" என்றேன்.

"இவ, அப்பா போன கடலப் பாக்கணும்னு நாலு மாசமா அரிச்சுப் பிடுங்குறாண்ணே."

பொம்மையன் அறுபது தப்படி தூரத்தில், மேட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இது தெரியாது. நான் ஓடிப்போய்ச் சொல்வதா, இல்லை இவள் ஏதாவது கேட்கச் சொல்வாளா என்று தவித்தேன். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் நான்தானே தபால்காரன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"அண்ணே, பிள்ளையக் கூட்டிட்டு எங்கன எறங்கட்டும்?"

அவன் திரும்பவில்லை. தோள் இரண்டும் ஒருதரம் ஏறி இறங்கின. வெகுநேரம் கடலையே பார்த்தான். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சட்டென்று சொல்லிவிடுகிறவன், இரண்டு நாளாகப் பார்த்து வைத்த கடலை மறுபடி முதலிலிருந்து பார்த்தான். ஒரு மட்டைத் துண்டை எடுத்து, இறங்கிப் போய் வீசினான். அது அலையில் புரண்டு கரைக்கு வந்தது. இன்னொன்றை வீசினான். அதுவும் வந்தது. அப்புறம்தான் கையைத் தூக்கி, அலை மடார் மடாரென்று உடைந்துகொண்டிருந்த இடத்தைக் காட்டினான்.

"அங்கன. முழங்காலுக்கு மேல போகாத."

"சரி" என்றாள்.

வலது பக்கத்தில் நூறு தப்படி தள்ளி, தண்ணீர் கருத்து, அசையாமல் கிடந்தது. அவள் கிணற்றில் வளர்ந்தவள். அந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளை இழுத்துக்கொண்டு நேராக அலையை நோக்கி நடந்தாள். முதல் அலை இரண்டு பேரையும் கீழே தள்ளியது. எழுந்து நின்றார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நின்றுவிட்டாள். குனிந்து பார்த்துக்கொண்டாள். அடுத்த அலை வந்து போனதும் ஓர் எட்டுப் பின்னால் வந்து, மறுபடி முழங்கால் அளவைச் சரிபார்த்தாள்.

பொம்மையன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் எலும்பில் இறங்கின.

"ஏலே ராயப்பா, நான் சொன்னதக் கேக்குறாடா."

அழுதுகொண்டுதான் சொன்னான். ஆனால் கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் அவ்வளவு நேரம் தண்ணீரைப் பார்க்க முடியாது என்று, அவர்கள் கரையேறும் வரைக்கும் அப்படியே நின்றான்.